பட்டியலில் இல்லாதது

லிஸ்பன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில்
இரண்டு மொழிகளுக்கு நடுவே
எனக்கொரு நாற்காலி உண்டு.
ஒரு கால் சற்றே ஆடும்.

ஜார்ஜியாவிலிருந்து வந்த கோரிக்கை:
முப்பத்தெட்டுப் பக்கம், சிவப்பு நூல், முத்திரை.
நுக்சார் ஜோபுவாவை ஒப்படைக்கவும்.
ஹேசல் கொட்டை விவசாயிகள் சங்கத்தின் காசாளர்.
இரண்டு பருவத்துப் பணத்தோடு காணாமல் போனவர்.
செத்தூபலில், மத்தி அடைக்கும் ஆலையில்,
வேறு பெயரில் அகப்பட்டவர்.

அங்கத்துச் சட்டம் சொல்லும் குற்றத்துக்கு
இங்கே அதே பெயர் இல்லை.
அரசு வக்கீல் ஒரு சொல்லைப் பிடித்து இழுத்தார்,
எதிர் வக்கீல் இன்னொன்றை.
நீதிபதி டெல்ஃபினா கண்ணாடியைக் கழற்றினார்:
"பெயர் கிடக்கட்டும். ஓட்டை உடைத்துப் பருப்பைப் பாருங்கள்.
இதே கையை இதே பெட்டிக்குள்
இந்த ஊரில் ஒருவன் விட்டிருந்தால்
பிடித்திருப்போமா?"
பிடித்திருப்போம்.

பிறகு காத்திருப்பு.
சிறையில் ஆளுக்கு நான்கு சதுர மீட்டர்,
ஒரு சன்னல், ஒரு மருத்துவர்
என்று அங்கிருந்து எழுத்தில் வரவேண்டும்.
பதினோரு வாரம்.
'சன்னல்' என்ற சொல்லை
மூன்று அகராதியில் சரிபார்த்தேன்.

தாழ்வாரத்தில், விலங்கோடு, மெல்ல,
நான் பிறந்த மொழியில் கேட்டார்:
"தாளில் கிடங்குத் தீ இருக்கிறதா?"
இல்லை.
"காவல்காரன்?"
பக்கங்களைப் புரட்டுவதுபோல் புரட்டினேன்.
இல்லை.

எதற்காக அனுப்புகிறோமோ
அதற்கு மட்டுமே அங்கே விசாரணை.
பழசு வேறெதையும் தோண்டக்கூடாது.
நாடுகள் ஒன்றையொன்று நம்புவது இப்படித்தான்,
நம்பாததால்.

நீதிபதி முறைப்படி கேட்டார்:
"இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கிறீர்களா?"
"ஆரா" என்றார்.
"இல்லை" என்றேன்.
இவ்வளவு துல்லியமாக
நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை.

விமான நிலையம். விடிகாலை நாலரை.
ஒப்படைப்புச் சீட்டை உரக்கப் படித்தேன்:
ஆள் ஒன்று. பெல்ட் ஒன்று. ஷூ நாடா இரண்டு.
நாற்பத்தொரு யூரோ.
வாசிப்புக் கண்ணாடி, இடப்பக்கம் விரிசல்.

அழைத்துப்போக வந்தவர்களில் இளையவர்
கையெழுத்திட்டார்.
எந்த ஊர் என்றேன்.
"சுக்டிடி பக்கம்.
அந்தக் கிடங்கிருந்த தெருவுக்கு
அடுத்த தெரு."
சீட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்:
"விட்டுப்போனது ஏதாவது உண்டா?"

பேனா மூடி கீழே விழுந்திருந்தது.
குனிந்து தேடினேன்,
அவர்கள் படியேறி முடிக்கும்வரை.