வரவுப் பதிவு

எட்டரை தாண்டி ஒரு நிமிடம் போனால்
என் திரையில் பெயர் சிவக்கும்.
நூற்றுப் பன்னிரண்டு பேரின் விரல்ரேகை
என் பொறுப்பில்.
மாதத்தில் மூன்று சிவப்பு, அரைநாள் சம்பளம் வெட்டு.
வெட்டுவது நான்.
லிஃப்டில் என்னோடு எவரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

அதனால்தான் நினைத்தேன்,
தினச் செபம் எனக்கு ஒரு பெரிய காரியமா என்று.

விபூதிப் புதன் தொடங்கினேன்.
ஹெட்டியாவத்தையில் 176 உறுமும்போது சிலுவை அடையாளம்.
ஆமர் வீதி வருமுன் முதல் பத்து.
மருதானை நெரிசலுக்கு இரண்டாவது போதாது,
மூன்றாவதிலும் பாதி கரையும்.
பொரளை. ஆயுர்வேதாச் சந்தி.
நாவலையில் இறங்கும் படியில் கடைசி ஆமென்.
கண் சொருகினால் மணியை நகத்தால் அழுத்துவேன்.
கிழமை சொன்னபடி துக்கப்பட்டேன்,
கிழமை சொன்னபடி மகிழ்ந்தேன்.
நாட்குறிப்பில் நாளுக்கொரு பச்சைக் கோடு.

கண்டக்டர் லசந்த,
மணிக்கட்டில் பிரித் நூல்,
விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள்.
பெரிய மணிக்கு நான் வரும்வரை காசு கேட்கமாட்டான்.
எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.
என் உதடு எங்கே நிற்கும் என்று
பார்த்தே பிடித்துக்கொண்டான்.

இருபத்திமூன்று கோடுகள்.

பிறகு சின்னவள் பிரிசில்லாவுக்குக் காய்ச்சல்.
விடியும்வரை ஈரத்துணி.
காலையில் பஸ்ஸில் வாய் திறந்து தூங்கினேன்.
அடுத்த நாள் காய்ச்சல் இல்லை, தூக்கமும் இல்லை.
சும்மா சொல்லவில்லை.
யாரோ ஒருத்தியின் கல்யாணச் சேலைகளை
மருதானையிலிருந்து நாவல வரை
ஃபோனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு போனேன்.
மூன்றாம் நாள் மாலையைத் தொட வெட்கம்.
ஐந்தாம் நாள் வெட்கமும் இல்லை.
அதுதான் பயமாக இருந்தது.

எனக்கு வேதாகமத்தில் பிடிக்காத பக்கம் ஒன்று உண்டு.
திராட்சைத் தோட்டம்.
பொழுது சாய்கையில் கைவீசி வந்தவனுக்கும்
விடியலிலிருந்து வெயில் தின்றவனுக்கும்
ஒரே கூலி.
அந்தத் தோட்டக்காரர் எங்கள் கம்பனியில் இருந்தால்
மாதக் கடைசிக்குள் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.
அந்த இடம் வாசிக்கும்போதெல்லாம்
மனசுக்குள் ஒரு சிவப்புக் கோடு இழுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை லசந்த வந்தான்.
காத்திருக்க ஒன்றுமில்லை, நேரே காசை வாங்கினான்.
நகரவில்லை.
“அத நெத்த, மிஸ்?”
இன்றைக்கு இல்லையா?
கேலியில்லை.
மழை விட்டதா என்று கேட்கிற குரல்.

விட்டுவிட்டேன் என்று சொல்ல
என் சிங்களத்தில் சொல் அகப்படவில்லை.
“பரக்கு வுணா” என்றேன்.
லேட்டாகிவிட்டது.

அவன் குனிந்து கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.
“தவம பொரெல்ல நே.”
இன்னும் பொரளைதானே.

சொல்லிவிட்டு முன்கதவுக்குப் போய்
தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான்.
பஸ் எடுத்தது.
கைப்பையின் அடியில்,
பிரிசில்லாவின் மருந்துத் துண்டுக்கும்
உடைந்த சீப்புக்கும் கீழே
மாலை சிக்குப்பட்டுக் கிடந்தது.
அவிழ்க்கவே ஆயுர்வேதாச் சந்தி வந்துவிட்டது.

இரண்டு பத்துதான் முடிந்தது.
சந்தோஷ இரகசியத்தில் இரண்டாவது.
எலிசபெத்தின் வாசலில் மரியாளை நிறுத்திவிட்டு
நான் நாவலையில் இறங்கினேன்.

விரலை வைத்தேன். எட்டு முப்பத்திநான்கு.
என் பெயர் சிவந்தது, அந்த மாதத்தில் மூன்றாவது.
வெட்டினேன், அரைநாள்.
இங்கே கணக்கு கணக்குத்தான்.

பச்சைக் கோடு மட்டும் இனிப் போடுவதில்லை.
எத்தனையாவது நாள் என்று கேட்டால் தெரியாது.
ஆறே முக்கால், ஹெட்டியாவத்தை,
இடப்பக்கம் மூன்றாவது சீட்.
சில நாள் அருள் நிறைந்த மரியே என்பது
வாயில் வெறும் அவலாக மெல்லுகிறது.
மெல்லுகிறேன்.
காசைக் கையில் பொத்தியபடி
பெரிய மணி நோக்கிப் போகிறேன்.
லசந்த நிற்கிறான்.