முன்சில்லு

பிடோக் நார்த்தில், புளோக்கின் கீழ்த்தளத்தில்,
சனிக்கிழமைதோறும் பழைய சக்கர நாற்காலிகளைப்
பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டுகிறோம்.
நான் உட்கார்ந்திருப்பதும் அதில் ஒன்றுதான்.
எனக்குத் தனியாக முக்காலி தேவையில்லை.

போன வருடம் முல்லைத்தீவுக்குப் பதினேழு அனுப்பினோம்.
படம் எடுத்தார்கள். பொட்டலத்தில் பிரியாணி வந்தது.
என்னை நடுவில் தள்ளி நிறுத்தினார்கள்,
கேட்காமல்.

நேற்று யோகமலர் அழைத்தாள்.
திரையில் முதலில் மணல், பிறகு ஒரு சக்கரம்,
கடைசியில் முகம்.
நன்றி சொல்லப்போகிறாள் என்று
நானும் அடக்கமான ஒரு முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"கதிரை வந்திட்டுது அண்ணை. ரோட்டு இன்னும் வரேல்லை.
இந்த முன்சில்லு உங்கட பளிங்குத் தரைக்குச் சரி.
இஞ்ச மணல் அதை விழுங்குது.
ஆரிட்டக் கேட்டு அளவெடுத்தனீங்கள்?"

யாரிடமும் இல்லை.
ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

அவளே தொடர்ந்தாள்.
பாதை பற்றிப் பிரதேச சபையில் கூட்டமாம்.
மாடியில். பதினெட்டுப் படி.
தூக்கிக்கொண்டு போகிறோம் என்று நாலு பேர் வந்தார்களாம்.
"நான் என்ன மூட்டையோ எண்டு கேட்டன்."
படிக்கட்டின் அடியில் கதிரையைக் குறுக்கே விட்டு
பிரேக்கைப் பூட்டியிருக்கிறாள்.
முக்கால் மணி நேரம்
ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை.
கடைசியில் மேசை இறங்கியது.
மேசைக்கு மட்டும் வழிவிட்டாளாம்.
அதன் பின்னால் ஃபைல்கள்,
ஃபைல்களின் பின்னால் தலைவர்.

பாதை கிடைத்ததா என்றேன்.
"இல்லை. ஆனா அடுத்த மாசமும் கீழதான் கூட்டம்."

எனக்கு இங்கே மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கும்.
பேருந்து ஓட்டுநர் இறங்கிவந்து சாய்தளம் விரிப்பார்.
காப்பிக்கடையில்தான்
என் தலைக்குமேல் ஹக்கீமைப் பார்த்துக் கேட்பார்கள்:
அவருக்குச் சீனி போடலாமா?
பதினோரு வருடமாக என் சீனிக்கு
ஹக்கீம்தான் பதில் சொல்கிறான்.
நல்லவன். தப்பாகவே சொல்வான்.

இன்று காலை கடைமுன் குறுக்கே நின்றேன்.
பிரேக்கைப் பூட்டினேன்.
வரிசை பின்னால் மீன்கடைவரை நீண்டது.
"கோப்பி ஓ கொசோங்" என்றேன்,
தேவைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தத்தில்.
கடைக்காரம்மா முதல்முறையாகக் குனிந்து பார்த்தார்.
ஹக்கீம் கைப்பேசியைப் பார்த்தான்.
கோப்பி கசந்தது. முழுவதும் குடித்தேன்.

மதியமெல்லாம் பெரிய முன்சில்லு தேடினோம்.
அவள் சொன்ன அகலம் நாலு விரல்.
யாருடைய விரல் என்று கேட்க மறந்துவிட்டேன்.
இரவு திரும்ப அழைக்க வேண்டும்.