கட்டம் போட்ட லுங்கி

மண்டலேயிலிருந்து மேலேறும் கடைசிப் பிக்கப்பில்
காலிஃபிளவர் இறக்கிவிட்டுத் திரும்பும்
காலிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தேன்.
மடியில் இன்ஜெக்டர் பெட்டி.
மேமியோவில் இறங்கியபோது
என் மூச்சு எனக்கு முன்னால் நடந்தது.

போனில் கோட்டை என்றிருந்தார்கள்.
நான் அகழியும் பீரங்கியும் நினைத்துக்கொண்டேன்.
வந்து பார்த்தால் சிவப்புச் செங்கல் வீடு,
இரண்டு மூலையில் இரண்டு கோபுரம்.
தேக்கு வெட்டிப் பணம் பண்ணிய டன்பார் துரை
ஊர் ஏக்கத்தில் கட்டியதாம்.
ஸ்காட்லாந்தில் இப்படித்தான் இருக்குமாம்.
தகரக் கூரையுமா என்று நான் கேட்கவில்லை.

இப்போது விடுதி. ஒன்பது அறை.
நடத்துகிற டோ நுவே யீ டார்ச்சோடு வாசலில் நின்றார்.
"ஒரே ஒரு ஜோடிதான். யாங்கோன். கல்யாணமாகி நாலு நாள்.
வெந்நீர் இல்லையென்று
மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள்."

ஜெனரேட்டர் பழைய குதிரை லாயத்தில்.
வடிகட்டியைக் கழற்றினால் பாயசம் மாதிரிச் சகதி.
எந்தப் புண்ணியவானோ
டீசலில் தண்ணீர் கலந்து விற்றிருக்கிறான்.
ஒன்பதரைக்கு அது இருமியது, செருமியது,
பிறகு ஒரே சீராய்ப் பேச ஆரம்பித்தது.
அதற்குள் கீழே போக வண்டி இல்லை.

"கோபுர அறை சும்மாதான் கிடக்கிறது,
ஜன்னல் சாத்தாது, படுத்துக்கொள்" என்றார்.
கட்டிலில் ஏற ஒரு குட்டி ஏணி.
என் வீட்டில் நாலு பேர் படுக்கிற அகலம்.
ஓரமாய்ப் படுத்தேன்,
மற்ற மூவருக்கும் இடம் விட்டு.

எனக்குச் சத்தத்தில் தூக்கம் வரும்.
சத்தம் நின்றால் முழிப்பு வரும்.
இரண்டு மணிக்கு நின்றது.
டீசல் தீர்ந்திருக்கும்.
லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி
கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு
மெழுகுவத்தியோடு இறங்கினேன்.
தேக்குப் படி ஒவ்வொன்றும்
ஒவ்வொரு விதமாய் முனகியது.

திருப்பத்தில் அந்தப் பெண், கையில் காலிக் கூஜா.
என்னைப் பார்த்தாள். வாய் திறந்தது.
"தஸே! தஸே!"
பேயைப் பார்த்தால் பர்மாக்காரர் கத்துவது அது.
நானும் பதறித் திரும்பிப் பார்த்தேன்,
எனக்குப் பின்னால் யாரென்று.
மெழுகுவத்தி அணைந்தது.
கூஜா மட்டும் கடைசிப் படிவரை உருண்டு போனது.

பின்வாசல் வழியே ஓடி டீசல் ஊற்றி
விளக்கெரிய வைத்துவிட்டு வந்தபோது
படியில் யாருமில்லை.
அவர்கள் கதவுக்குப் பின்னால்
நாற்காலி இழுபடும் சத்தம்.

காலையில் மொஹிங்கா ஆறிக்கொண்டிருக்க
அவள் ஐந்தாவது தடவையாகச் சொன்னாள்:
கறுத்த உருவம், தோளில் சால்வை,
முட்டிக்கு மேலே கட்டம் போட்ட பாவாடை, நீலமும் பச்சையும்.
புருஷன் அவளைக் கூடத்துக்கு இழுத்துப் போனான்.
சுவரில் டன்பார் துரை.
முகத்தைக் கறையான் தின்றுவிட்டது,
பாவாடையையும் முழங்காலையும் விட்டு வைத்திருந்தது.
"இவர்தான்" என்றாள், முழங்காலைக் காட்டி.
கறுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
அவன் படத்தைப் போட்டோ எடுத்தான், அவளோடு சேர்த்தும் எடுத்தான்.
இன்னும் ஓர் இரவு தங்கலாமா என்றான்.

பேன்ட் போட்டு, பையோடு, நான் கதவருகே.
ஜிப்பு சரியில்லாத பை.
நீலமும் பச்சையுமாய் ஒரு முனை
வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
ஸெஜோ சந்தையில், போன தீபாவளிக்கு எடுத்தது.
டோ நுவே யீ பார்த்தார்.
நடந்து வந்து, ஒன்றும் பேசாமல்,
குழந்தையின் சட்டைக்குள் பனியனைத் திணிப்பதுபோல
அந்த முனையை உள்ளே திணித்தார்.

வாசலில் கவரைக் கொடுத்தார். கனமாக இருந்தது.
"அடுத்த சர்வீஸ் எப்போது?"
"இருநூற்றைம்பது மணி நேரம் ஓடினதும்."
"சாயந்தரமாக வா" என்றார்.
"டேங்கில் பாதிதான் ஊற்றி வைப்பேன்."