மீதம் ஒன்று

ஏற்றுவதுதான் ரிம்விதாஸின் தொழில்.
கிளைபேதா துறைமுகத்தில் கிரேன்.
ஒரு கப்பலை ஒன்றரை நாளில் நிரப்பிவிடுவான்.

போனிலிருந்து கிளவுடுக்கு
பதினோராயிரத்து நானூற்று ஆறு படங்கள்;
இது மூன்றாம் இரவு.

ஏறிக்கொண்டே இருக்கின்றன
கரண்ட் மீட்டரின் எண்கள்,
கார் நிறுத்திய தூணில் எழுதியிருந்த 'பி-நான்கு',
ஒரே பூனை நாற்பது முறை,
தங்கை கல்யாணத்தை மறைக்கும்
யாருடையதோ ஒரு கட்டைவிரல்.

விடிகிற நேரம் திரை சொல்கிறது:
மீதம் ஒன்று.

வைஃபையை அணைத்துப் போட்டான்.
மீதம் ஒன்று.
துறைமுகத்தில் ஒரு பெட்டி இப்படி நின்றால்
சுங்கத்துக்கு போன் போட்டுத் திட்டலாம்.

தேடி எடுத்தான்.
முழுக் கறுப்பு.
கோட்டுப் பைக்குள் தானாக எடுபட்டது.
மார்ச் ஒன்பது, காலை ஆறு பன்னிரண்டு.

யூர்காவை பஸ் ஏற்றிவிட்டு
கைகள் இரண்டையும் பைக்குள் திணித்தபடி
பனிச்சேற்றில் நடந்து வந்த நேரம்.
அன்றைக்கு வேறு படமே இல்லை.

'நீக்கிவிட்டுத் தொடரவா?'
என்று கேட்கிறது போன்.

சார்ஜரைப் பிடுங்கினான்.
கொக்கியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டி,
கேள்வி அணையாத போனை
அதே பைக்குள் போட்டுக்கொண்டு
ரொட்டி வாங்கப் போனான்.