வட்டாரங்கள்

பல்லடம் வட்டாரம் தெரியும்,
அங்கிருந்து கறிக்கோழி விலையை நான்தான் அனுப்புகிறேன்.
அவிநாசி வட்டாரம் தெரியும்.
ஊத்துக்குளி வட்டாரத்தில்
எந்த ரயில்வே கேட் எப்போது மூடும் என்பதுகூடத் தெரியும்.
பாதுகாப்பு வட்டாரங்களுக்கு மட்டும்
இந்தப் பதினாறு வருடத்தில்
எந்தப் பஸ் ஏறியும் போய்ச் சேர்ந்ததில்லை.

பதினைந்து வேலம்பாளையத்தில்
விடிகாலை மூன்றரைக்கு ஒரு லைன் வீட்டைத் தட்டினார்கள்.
நான் போனபோது மணி ஆறு.
பத்து நாளைக்கொரு முறை வரும் தண்ணீர்
அன்றைக்குத்தான் வந்திருந்தது,
குடம் நிரம்பி வழிய, குழாயை மூட ஆளில்லை.
பக்கத்து அறை அம்மா சொன்னார்:
"அந்தப் பையனுங்களா? ஓவர்லாக் டைலருங்க.
இருக்கற சத்தமே தெரியாதுங்க."
எழுதிக்கொண்டேன்.

செல்போன் இரண்டு. ஸ்க்ரூடிரைவர். ஒரு முழம் வயர்.
ஒரு நோட்டு. எழுத்து வங்காளம்,
எண்கள் எல்லோருடைய எண்கள்:
40, 36, 40, 28.
இன்ஸ்பெக்டர் தூக்கிக் காட்டினார், படம் எடுத்தோம்.
பீஸ் கணக்கு அது.
என் வீட்டு டி.வி. மேலும் அதே மாதிரி ஒன்று கிடக்கிறது,
சாந்தாமணி செக்கிங் போகிறாள்.
கணக்கு நோட்டு என்றுதான் அனுப்பினேன்.

மறுநாள் முதல் பக்கத்தில்
அது சங்கேத எண்கள் ஆகியிருந்தது.
(ஊர்ப் பெயரில் இருக்கும் பதினைந்தை
ஏனோ விட்டுவிட்டார்கள்.)
பக்கத்து அறை அம்மாவைக் காணோம்.
நடுவில் நான் எழுதாத ஒரு வரி:
நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன.

டெஸ்க்குக்குப் போன் போட்டேன்.
"எந்த வட்டாரம் சார்?"
"டி.வி.ல ஓடுதேப்பா, பாக்கலையா?"
போட்டுப் பார்த்தேன்.
டி.வி.யில் எங்கள் பேப்பரைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சென்டிமீட்டருக்கு எட்டு ரூபாய்.
மூன்று காலம், பதினெட்டு சென்டிமீட்டர்,
படத்துக்குத் தனி.
மறைப்பானேன்,
அந்த மாத சிலிண்டர் அதில்தான் வந்தது.

நாற்பத்தோராம் நாள்
ஆதாரமில்லை என்று மொபிசுலை விட்டுவிட்டார்கள்.
இருபது வரி எழுதினேன்.
பதினொன்றாம் பக்கத்தில் நான்கு வரி வந்தது,
கறிக்கோழி விலைக்குக் கீழே.
கோழி அன்று இரண்டு ரூபாய் ஏற்றம்.

அறையை வேறு ஆளுக்கு விட்டாயிற்று.
"தப்புப் பண்ணலைங்கறது செரிங்க,
ஆனா பேப்பர்ல வந்துருச்சுங்களே"
என்கிறார் லைன் வீட்டுக்காரர்.
மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்
என் மூன்று காலத்தை.

சாந்தாமணி என்னை ஒன்றும் கேட்கவில்லை.
நேற்று ராத்திரி அவள் நோட்டைப் புரட்டினேன்.
எண் போடுவதை நிறுத்தியிருக்கிறாள்.
எழுத்தால் எழுதுகிறாள்,
தாளின் பின்பக்கம் தடவினால் தெரிகிற அழுத்தத்தில்:
முப்பத்தாறு பனியன்.
இருபத்தெட்டு பனியன், காலர் இல்லாதது.