மைனஸ் எண்பது

எனக்கு அவளை எண்ணாகத்தான் தெரியும்:
நான்கு ஒன்று ஒன்று ஏழு.
பெண் என்பது
எண்ணுக்குப் பின்னால் இருந்த ஒற்றை எழுத்தால்.

தொப்புள்கொடியில் எடுத்த முதல் ரத்தம்
ஒரு நவம்பர் காலை
தம்பெரே சாலைகளின் உப்பு அப்பிய டாக்ஸியில் வந்தது.
ஐந்து சிமிழாகப் பிரித்தேன்.
ஒன்று சோதனைக்கு, நான்கு உறைபெட்டிக்கு.
அங்கே எதற்கும் வயதாவதில்லை.
வெளியே அவளுக்குப் பல் முளைத்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம்.
கூடவே தாய் நிரப்பிய தாள்:
எட்டாம் வாரம் பசும்பால் மாவு,
நான்காம் மாதம் உருளைக்கிழங்கு மசியல்,
ஜனவரியில் காய்ச்சல், இரண்டு இரவு.
மலம் தபாலில் வரும்.
தபால்காரர் கியோஸ்திக்கு அது தெரியாது
என்றே இன்றும் நம்புகிறேன்.

இரண்டே முக்கால் வயதில் முதல் எதிர்ப்பான்.
தன் கணையத்தையே பகையென்று குறித்துக்கொண்ட ஒன்று.
நான்கு வயதில் இரண்டாவது.
இயந்திரம் எண்ணைத் துப்பியது,
நான் மறுபடி ஓட்டினேன்,
அதே எண்.
டாக்டர் ரண்டலா வீட்டுக்குத் தொலைபேசி செய்தார்.
வரும் என்று தெரியும்,
எப்போது என்று தெரியாது.
இதை ஒரு வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று
எங்கள் காபி மேஜையில் ஒரு வாரம் பேசினோம்.
ரண்டலா பேசவில்லை. சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பிறகு மூக்கில் தெளிக்கும் மருந்து,
அல்லது மருந்துபோல் உப்புநீர்.
எது என்று அவளுக்குத் தெரியாது.
எனக்கும்தான்.

ஆறு வயதில் ஒருமுறை
குழாயின் மேல் பச்சைத் தவளை ஒட்டியிருந்தது.
ஊசி போட்டதும் நர்ஸ் சாய்மி கொடுக்கும் ஒட்டுப்படம்.
கையில் ஒட்ட வேண்டியதை
அவள் ரத்தத்துக்கு ஒட்டிவிட்டாள்.
பார்கோடு மறைந்துபோய்
ஸ்கேனர் சிணுங்கியது.
எண்ணைக் கையால் தட்டினேன்.
தவளையை உரிக்கவில்லை.

ஒன்பதாம் வயதில் வந்தது.
மூச்சில் பழவாடை ஏறுமுன்,
வாந்தியும் மயக்கமும் வருமுன்,
ஐசியூ கட்டில் தேவைப்படுமுன் பிடித்துவிட்டோம்.
அறிக்கையில் 'லேசான தொடக்கம்' என்றிருந்தது.
அந்த 'லேசான' என்ற சொல்லுக்குத்தான்
அத்தனை ஊசியும்.
சாய்மி கேக் வாங்கி வந்தாள்.
யாரும் வெட்டவில்லை, மாலையில்
காவலாளிக்குக் கொடுத்தோம்.

பதினைந்து முடிந்ததும் கையெழுத்து அவளுடையது.
ஒப்புதல் தாளின் நகல் ஒன்று
உறைபெட்டி பார்ப்பவள் என்பதால் எனக்கும் வந்தது.
பெயரைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள்.
இடப்பக்கம் சாய்ந்த எழுத்து மட்டும் மிச்சம்:

'புதிது தர மாட்டேன்.
பழையதை வைத்துக்கொள்ளுங்கள்.
எனக்கு இது இல்லாமல் இருந்தது
அங்கே மட்டும்தான்.
எதையாவது தூக்கிப் போட்டால் சொல்லுங்கள்.'

கட்டம் போட்டு டிக் அடிக்கச் சொன்ன தாளில்
ஓரத்தில் எழுதியிருந்தாள்.
டிக் எதுவும் இல்லை.
அதனால் செல்லுமா என்று அலுவலகம் கேட்டது.
செல்லும் என்றேன்.
என்னைக் கேட்டிருக்க வேண்டியதில்லைதான்.

பிப்ரவரியில் ஓர் இரவு
இரண்டே கால் மணிக்கு அலாரம்.
கம்ப்ரஸர் செத்துவிட்டது.
கார் ஸ்டார்ட் ஆக மூன்று முறை.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
எங்கள் பெட்டிகளுக்கு அது கோடை.
நடைபாதையின் அந்தக் கோடியில் மாற்று உறைபெட்டி,
நடுவில் நாற்பது அடி,
இரண்டு கதவு, ஒரு தள்ளுவண்டி.
விதிப்படி மேல்தட்டு முதலில்.
அவள் நான்காம் தட்டு.

விதியை மீறவில்லை.
ஓடினேன்.

நான்காம் தட்டு திறந்தபோது மைனஸ் எழுபத்தொன்று.
பனிப்பொடிக்கு அடியில்
ஒரு மூடியின் ஓரமாய் ஏதோ பச்சை.
பார்க்க நேரமில்லை.

ஐந்தரைக்குப் பதிவேட்டில் எழுதினேன்:
எதுவும் கரையவில்லை.
கையுறைக்குள் இரண்டு விரல் மரத்திருந்தன.
தூக்கிப் போட ஒன்றுமில்லை என்பதால்
யாருக்கும் சொல்லவும் இல்லை.