ரேகை விழாத விரல்

ரேஷன் கடை மெஷின்
என் இடது சுட்டுவிரலை மூன்று தடவை கேட்டுவிட்டுச்
சிவப்பாகிறது.
"வேற விரல வையிக்கா" என்கிறார் குணபூஷணம்.
பின்னால் வரிசையில் யாரோ உச்சுக் கொட்டுகிறார்கள்.
நான் அவசரப்படவில்லை.
இந்த விரலின் ரேகை
சின்னவாய்க்காலுக்கு வடக்கே
ஒரு நண்டு வளைக்குள் கிடக்கிறது.

தை அமாவாசைக்கு மறுநாள் அது.
கிள்ளையிலிருந்து மூன்று பேர்:
நான், அஞ்சலாட்சி, அவள் ஓரகத்தி பூரணி.
சுற்றுலாப் படகுகள் திரும்பிவிடும் திருப்பத்துக்கும் அப்பால்
பெயரில்லாத ஓடை ஒன்றில் இறங்கினோம்.
தில்லை மரம் நிற்கும் பக்கம் மட்டும்
கண்ணை இறுக்கிக் குனிந்து நடந்தோம்.
அதன் பால் ஒரு சொட்டு போதும்,
பார்வை போய்விடும்.

கழுத்தளவு தண்ணீர். பல்லில் பறிக்கயிறு.
வாயைத் திறந்தால் பறி போய்விடும்.
அஞ்சலாட்சி அப்போதும் பேசுவாள்,
பல் பிரியாமல், மூக்கால்.

வளையைக் கால்தான் முதலில் பார்க்கும்.
வாசலில் புதுச்சேறு தள்ளியிருந்தால்
ஆள் வீட்டில்.
மூச்சை இழுத்துப் பிடித்தேன்.
மணிக்கட்டு, முழங்கை, தோள்.
கன்னம் கண்டல் வேரில் அழுந்தியது.
உள்ளே ஓடு தட்டுப்பட்டது,
சாப்பாட்டுத் தட்டு அகலம்.
(அன்றைக்கு அவ்வளவுதான்.
சொல்லச் சொல்ல அது
தாம்பாளம் ஆகிவிட்டது.)

பிறகு அது என் விரலைப் பிடித்தது.

இழுத்தால் விரல் அதற்கு,
பொறுத்தால் எனக்கு.
அசையாமல் நின்றேன்.
ஏத்தம் தொடங்கியிருந்தது.
தண்ணீர் தாடைக்கு வந்தது, உதட்டுக்கு வந்தது.
பூரணி டார்ச்சைப் பிடித்தபடி அழுதாள்.
ஒளி மரமெல்லாம் ஓடியது.
அஞ்சலாட்சி பறியைத் துப்பிவிட்டு வந்து
என் தலையைத் தன் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு
கதை சொல்ல ஆரம்பித்தாள்.
கல்யாணமாகி மூன்றாம் நாளாம்.
சிதம்பரத்தில் இறங்க வேண்டிய புருஷன்
பஸ்ஸில் தூங்கிச் சீர்காழி போய்விட்டானாம்.
இவள் மட்டும் இறங்கிப்போய்
படம் பார்த்துவிட்டு
முறுக்கு வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாளாம்.

சிரிக்கக் கூடாது. சிரித்தால் உடம்பு குலுங்கும்.
குலுங்கினால் இறுகும்.
உப்புத் தண்ணீரை விழுங்கிக்கொண்டு
வயிற்றுக்குள்ளேயே சிரித்தேன்.
அப்படி ஒரு சிரிப்பு
அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

எப்போது விட்டது என்று தெரியவில்லை.
விரல் மரத்திருந்தது. சட்டென்று லேசானது.
அந்த நொடியில் கையை உருவியிருக்கலாம்.
பூரணி கத்தினாள், எடுத்துடுக்கா, எடுத்துடு.

எடுக்கவில்லை.
சேற்றோடு சேறாய் அதன் வயிற்றுக்கடியில் கையை விட்டுப்
பின்னங்கால் மடிப்பில் பிடித்து
வெளியே கொண்டுவந்தேன்.
டார்ச் வெளிச்சத்தில் கரும்பச்சை.
என் ரத்தம் அதன் கொடுக்கில்.
எதற்கு அப்படிக் கூவினேன்?
கொக்குகள் எழுந்து பறந்தன.

முடசலோடையில்
பரங்கிப்பேட்டை ஏஜென்ட் ஷர்புதீன் தராசில் வைத்தார்:
ஒன்றே கால் கிலோ.
ஆயிரத்து நானூறு என்றார்.
"சிங்கப்பூர் போற சரக்கும்மா இது."
நாங்கள் எடை தெரிந்துகொள்ளத்தான் போயிருந்தோம்.
பூரணிக்கு மட்டும் முகம் விழுந்தது.
அவள் பங்கை இரண்டு வாரத்தில் கொடுத்துவிட்டேன்.

சிங்கப்பூர் போக வேண்டியது
மிளகாய், பூண்டு, கல்லுப்போடு
எங்கள் மூன்று பேர் வயிற்றுக்குள் போனது.
இடது கையில் புடவைக் கிழிசல் கட்டு,
வலது கையில் நண்டுக்கால்.
கொடுக்கு இப்போது டிவி மேல் இருக்கிறது.
அதற்குள் ஊக்கு, பழைய சிம் கார்டு,
ஒற்றைக் கம்மல்.

வலது பெருவிரலை வைக்கிறேன்.
பச்சை.
அரிசி இருபது கிலோ, சர்க்கரை இல்லையாம்.
மூட்டையைத் தலையில் ஏற்றும்போது
இடுப்பில் போன் அடிக்கிறது.
அஞ்சலாட்சி.
அதே வளை வாசலில்
புதுச்சேறு தள்ளியிருக்கிறதாம்.